தண்ணீர்மேல் சுழலும் தண்டு

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் அந்த இரண்டு மாதங்களில் கரையில் வேறு வேலைகள் மும்முரமாகிவிடும். காசிமேடு, நாகப்பட்டினம், ராமேசுவரம், தூத்துக்குடி என எல்லாத் துறைமுகங்களிலும் படகுகளைக் கரையேற்றுவார்கள். அடிப்பகுதியில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்டுவார்கள், உளுத்த பலகையை மாற்றுவார்கள், புதுச் சாயம் பூசுவார்கள்.

இந்தச் சந்தடிக்கு நடுவே படகின் அமரத்துக்கு அடியில் ஒரு மெக்கானிக் குந்தியிருப்பார். புரொப்பல்லரை இரண்டு கைகளாலும் பிடித்து மேலே தூக்குவார், விடுவார். பிறகு இடவலமாக ஆட்டிப் பார்ப்பார். தண்டு அசையாமல் நின்றால் எழுந்து அடுத்த வேலைக்குப் போய்விடுவார். 'டக்' என்று ஒரு சத்தத்தோடு தண்டு இறங்கினால், உரிமையாளரைக் கூப்பிட்டு அந்தச் சத்தத்தை அவர் காதுக்கும் கேட்கச் செய்வார். புஷ் தேய்ந்துவிட்டது.

புஷ் என்பது பார்வைக்குச் சாதாரணப் பொருள்தான். ஒரு சாண் நீளமுள்ள பித்தளைக் குழாய், அதன் உட்புறம் ஒட்டிய ரப்பர், ரப்பரில் நீளவாக்கில் ஓடும் பள்ளங்கள். இதில் உருளும் குண்டுகள் இல்லை; கிரீஸ் அடைக்கும் துளையும் இல்லை. படகின் நடுவில் இருக்கும் எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸ் வழியாகப் புறப்படும் நீண்ட தண்டு, படகின் உடலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, கடைசியில் இந்தக் குழாய்க்குள் நுழைந்து மறுபுறம் வெளிப்படுகிறது. அந்த முனையில்தான் புரொப்பல்லர் மாட்டப்பட்டிருக்கிறது. அதன் எடையைத் தாங்குவதும், சுழலும் தண்டு அலைபாயாமல் பார்த்துக்கொள்வதும் இந்த ரப்பர் குழாயின் பொறுப்பு. அது கடலுக்கு அடியில், எவரும் எட்டிப் பார்க்க முடியாத இடத்தில், மாதக்கணக்கில் ஓடவேண்டும்.

எண்ணெய் இல்லாமல் எப்படி ஓடுகிறது? கடல்நீர்தான் அதற்கு எண்ணெய்.

மாட்டுவண்டி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது நம்பமுடியாததாகத் தோன்றும். அச்சில் வண்டி மை வற்றினால் சக்கரம் ஊர் முழுக்கக் கேட்கும்படி கிறீச்சிடும். மசகு என்றாலே பிசுபிசுப்பாக இருக்கவேண்டும் என்றுதான் நம் கை பழகியிருக்கிறது. தண்ணீரோ எஞ்சின் ஆயிலைவிட நூறு மடங்குக்கும் மேல் நீர்த்தது. விரல்களுக்கிடையே பிடித்துத் தேய்த்தால் நிற்காது. அந்தத் தண்ணீர், பல கிலோ எடையுள்ள புரொப்பல்லரையும் தண்டையும் தூக்கி நிறுத்துகிறது.

இதன் சூட்சுமம் 1883ல் லண்டனில் தற்செயலாக வெளிப்பட்டது. பிரிட்டனின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக போஷாம்ப் டவர் என்பவர் ரயில் அச்சுகளின் பேரிங்கில் உராய்வைச் சோதித்துக்கொண்டிருந்தார். அச்சின் அடிப்பாகம் எண்ணெயில் மூழ்கிச் சுழன்றது. மேலேயிருந்து எண்ணெய் விடலாம் என்று பேரிங்கின் உச்சியில் அவர் ஒரு துளை போட்டார். உள்ளே போகவேண்டிய எண்ணெய் துளை வழியாக வெளியே வழிந்தது. தக்கை வைத்து அடைத்தார். தக்கை வெளியே வந்தது. மர ஆப்பு வைத்து அடித்தார். அதுவும் மெல்ல மெல்ல வெளியேறியது. கடைசியில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தினார். சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரை காட்டக்கூடிய அந்தக் கருவியின் முள் எல்லையைத் தாண்டிப் போனது. பேரிங்மேல் அவர் ஏற்றியிருந்த சுமையோ சராசரியாக அதில் பாதிதான்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1886ல், மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். தண்டு துளையின் சரிநடுவில் இருப்பதில்லை. சுமையால் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது. அதனால் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையிலான சந்து ஒரு பக்கம் அகன்றும் போகப்போகக் குறுகியும் ஆப்பு வடிவில் அமைகிறது. சுழலும் தண்டு தன்னோடு ஒட்டிய திரவத்தை அந்தக் குறுகலுக்குள் இழுத்துச் செல்கிறது. வழி குறுகக் குறுகத் திரவத்தின் அழுத்தம் ஏறுகிறது. போதிய வேகம் வந்ததும் அந்த அழுத்தமே தண்டைத் தூக்கிவிடுகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. மழைநாளில் தேய்ந்த டயரோடு வேகமாகப் போகும் பைக் திடீரென்று சாலையின் பிடியை இழப்பதும் இதே காரணத்தால்தான். சாலையில் ஆளைக் கவிழ்க்கும் அதே நீர்ப்படலம் புஷ்ஷுக்குள் தண்டைத் தாங்குகிறது.

50 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றினால் அதன் மேற்பரப்பு நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் நகரும். மனிதர் விரைந்து நடக்கும் வேகம்தான். தண்ணீர் நீர்த்திருப்பதால் அது தரும் படலம் மிக மெல்லியது, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில் இருக்கும். எஞ்சினைக் கிளப்பும்போதும் நிறுத்தும்போதும், தண்டு மிக மெதுவாகச் சுழலும்போதும் அந்தப் படலம் கலைந்துவிடும். அந்நேரங்களில் தண்டு ரப்பரை நேராக உரசும். பின்பக்கத்திலிருந்து சில சமயம் கேட்கும் முனகல் சத்தம் அங்கிருந்து வருவதுதான். தேய்மானத்தில் பெரும்பங்கு இந்த நேரங்களில்தான் நடக்கிறது.

நீராவிக் கப்பல்களின் தொடக்க காலத்தில் இந்த மெல்லிய படலம் யாருக்கும் கைவரவில்லை. பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித்தின் 'ஆர்க்கிமிடிஸ்' கப்பல் 1838ல் நீரில் இறங்கியபோது புரொப்பல்லர் புதுமை. 1845ல் பிரிட்டிஷ் கடற்படை 'ராட்லர்' என்ற புரொப்பல்லர் கப்பலையும் 'அலெக்டோ' என்ற துடுப்புச்சக்கரக் கப்பலையும் பின்னோடு பின்னாகக் கட்டி இழுக்கவிட்டது. ராட்லர் மற்றதைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. போட்டியில் வென்ற புரொப்பல்லருக்குத் தன் தண்டின் கடைசி முனையில் மட்டும் தோல்வி காத்திருந்தது. பித்தளை பேரிங்கில் இரும்புத் தண்டு உரசி மாதக்கணக்கில் தேய்ந்தது, தண்டு தாழ்ந்தது, கப்பலுக்குள் நீர் புகுந்தது. நீளப் பயணங்களுக்குப் புரொப்பல்லரை நம்பலாமா என்ற கேள்வியே எழுந்துவிட்டது.

அதற்கு விடை மரத்தில் கிடைத்தது. கிரீனிச்சில் எஞ்சின் பட்டறை நடத்திய ஜான் பென், 1854ல் தண்டைச் சுற்றி லிக்னம் விட்டே மரத்துண்டுகளைப் பதிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கரீபியன் பகுதியில் வளரும் மரம் அது, நீலப்பூ பூக்கும், ஜமைக்காவின் தேசிய மலர் அதுதான். தண்ணீரில் போட்டால் கல்லைப்போல் மூழ்கும் அளவுக்குக் கனம். இழைகளுக்குள் பிசின் ஊறியிருப்பதால் தனக்குத்தானே மசகு. ஜான் ஹாரிசன் 1722 வாக்கில் இங்கிலாந்தின் பிராக்கிள்ஸ்பி மாளிகைக்குச் செய்த கடிகாரம் எண்ணெயே இல்லாமல் ஓடுவதற்கும் இந்த மரம்தான் காரணம். பென் மரத்துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டார். அதன் வழியே கடல்நீர் ஓடியது. பித்தளை மாதங்களில் தேய்ந்த இடத்தில் மரம் ஆண்டுகள் தாங்கியது. நூறு ஆண்டுகள் கழித்து, 1954ல் நீரில் இறங்கிய உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான 'நாட்டிலஸ்'கூடத் தன் தண்டை இந்த மரத்தில்தான் தாங்கியது. அளவுமீறி வெட்டப்பட்டதால் இன்று அந்த மரத்தின் வணிகம் பன்னாட்டு ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது.

ரப்பர் வந்த கதை ஒரு சுரங்கத்தில் தொடங்குகிறது. 1920களில் அமெரிக்காவில் சார்லஸ் ஷெர்வுட் என்ற சுரங்கப் பொறியாளர், சுரங்கத்தில் ஊறும் நீரை இறைக்கும் பம்புகளோடு மல்லாடிக்கொண்டிருந்தார். நீரில் கலந்த மணல் பேரிங்கை அரித்துத் தின்றது. மாற்று பேரிங் கைவசம் இல்லாத ஒரு சமயத்தில் ரப்பர் ஹோஸ் துண்டு ஒன்றை வெட்டி அந்த இடத்தில் வைத்தார். அவசரத்துக்கு வைத்த துண்டு, அசல் பேரிங்கைவிடப் பல மடங்கு உழைத்தது. பி.எஃப்.குட்ரிச் நிறுவனம் அதைப் பொருளாக்கி 'கட்லெஸ்' என்ற பெயரில் விற்றது. தண்டை வெட்டாது என்பதைச் சொல்லும் பெயர்.

மென்மையான ரப்பர் கடினமான மணலை எப்படி வென்றது? பித்தளையில் ஒரு மணல்துகள் மாட்டினால் அது உலோகத்தில் குத்தி நின்று, ஒவ்வொரு சுற்றிலும் தண்டில் கோடு கிழிக்கும். ரப்பர் குழிந்து கொடுக்கிறது. துகள் அதில் அமுங்கி, தண்டின் சுழற்சியால் உருண்டு, அடுத்த பள்ளத்தில் விழுகிறது. பள்ளத்தில் ஓடும் நீர் அதை வெளியே அடித்துச் செல்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. அழுத்தத்தில் ரப்பர் சற்றே உள்வாங்குவதால் நீருக்கு அகலமான மெத்தை கிடைக்கிறது, படலம் எளிதில் கலைவதில்லை. இவையெல்லாம் ஈரம் இருக்கும்வரைதான். காய்ந்த தரையில் ரப்பர் செருப்பு கப்பென்று பிடிப்பதும், ஈரத்தரையில் அதே செருப்பு வழுக்குவதும் எல்லோருக்கும் தெரிந்ததே. கரையேற்றிய படகில் எஞ்சினைச் சோதிப்பதாகச் சொல்லித் தண்டைச் சற்று நேரம் சுழலவிட்டாலே புதுப் புஷ்ஷின் ரப்பர் கருகிவிடும்.

கடலைப் பார்க்காத விவசாயியும் இதே தத்துவத்தைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார். கோயம்புத்தூரில் செய்யப்படும் பல சப்மெர்சிபிள் மோட்டார்களை ஆழ்துளைக் கிணற்றில் இறக்குமுன் அவற்றுக்குள் சுத்தமான தண்ணீரை நிரப்புவார்கள். சூட்டைத் தணிப்பது அந்த நீரின் ஒரு வேலை. உள்ளிருக்கும் புஷ்களுக்கு மசகாக இருப்பது இன்னொரு வேலை. நிரப்ப மறந்து சுவிட்சைப் போட்டால் நேரும் செலவு அவருக்கு நன்றாகத் தெரியும்.

பெரிய கப்பல்கள் நடுவில் வேறு பாதையில் போயின. உலோகப் பேரிங்கை எண்ணெயில் மூழ்கவைத்து, இரு முனைகளிலும் சீல் போட்டு அடைத்தார்கள். சீல் தேயும், எண்ணெய் கடலில் கசியும். உலகத் துறைமுகங்களில் மட்டும் ஆண்டுக்கு 46 லட்சம் லிட்டர் முதல் 2 கோடியே 86 லட்சம் லிட்டர் வரை இப்படிக் கசிவதாக 2010ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2013ல் அமெரிக்கா தன் கடற்பகுதிக்கு வரும் கப்பல்கள் எளிதில் மட்கும் எண்ணெயையே இத்தகைய இடங்களில் பயன்படுத்தவேண்டும் என்று விதித்தது. அதன்பின் புதுக் கப்பல்கள் பலவற்றில் மீண்டும் கடல்நீரே மசகாகிவருகிறது. நாகப்பட்டினத்து விசைப்படகு எப்போதும் விட்டு விலகாத முறை அது.

கரையேற்றிய படகுக்குத் திரும்புவோம். தண்டு எவ்வளவு ஆடினால் புஷ்ஷை மாற்றவேண்டும்? தண்டின் விட்டத்தில் 16ல் ஒரு பங்கு ஆட்டம் வந்துவிட்டால் இனித் தள்ளிப்போடக்கூடாது என்பது படகுக்காரர்களிடையே பரவலான கைக்கணக்கு. 50 மில்லிமீட்டர் தண்டுக்கு அது சுமார் 3 மில்லிமீட்டர். கேட்பதற்குச் சின்ன எண்தான். ஆனால் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை அந்த 3 மில்லிமீட்டரில் புரொப்பல்லர் ஆடும்போது, அந்த அதிர்வு தண்டு வழியே முன்னேறி, நீர் புகாமல் அடைக்கும் கிளாண்டின் கயிற்றைச் சிதைக்கும். கியர்பாக்ஸின் பேரிங்கையும் உடைக்கும். பாக் நீரிணையில் நடுராத்திரி எஞ்சின் நின்றுபோனால் படகு நீரோட்டத்தோடு இலங்கையுடனான கடல் எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் போகும் என்பது அதில் இருப்பவர்கள் கையில் இல்லை. கரையில் கேட்ட அந்த 'டக்' சத்தத்துக்கு இத்தனை மதிப்பு.

கழற்றுவதில் அவசரம் ஆகாது. புரொப்பல்லர் கூம்பான முனையில் இறுகியிருக்கும். காட்டர் பின்னை நிமிர்த்தி உருவி, நட்டைத் தளர்த்தி, ஆனால் முழுக்கக் கழற்றாமல் சில மரைகளில் நிறுத்தி, புல்லர் வைத்து இழுக்கவேண்டும். 'டப்' என்று விடுபடும் புரொப்பல்லர் காலில் விழாமல் அந்த நட்டு பிடித்துக்கொள்ளும். பிறகு கியர்பாக்ஸோடு தண்டை இணைக்கும் கப்ளிங்கைப் பிரித்துத் தண்டை உருவுவார்கள். புஷ்ஷைப் பிடித்திருக்கும் சிறிய திருகுகளைக் கழற்றியதும், நல்ல நிலையில் இருந்தால் தள்ளினாலே வந்துவிடும். உப்பேறி இறுகியிருந்தால் ஹாக்ஸா பிளேடை உள்ளே விட்டு, பித்தளையை நீளவாக்கில் இரண்டு கோடுகளாக அறுக்கவேண்டும். பித்தளை அறுபடும்போது ஒரு சத்தம். அதைத் தாண்டி வெளிக் குழாயைத் தொடும்போது வேறு சத்தம். தேர்ந்த கை அந்த இரண்டாவது சத்தம் வருமுன் நின்றுவிடும். அறுபட்ட துண்டு உள்பக்கமாகச் சுருண்டு வெளியே வரும்.

அதைக் குப்பையில் எறிவதற்குமுன் வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பதுதான் இந்த வேலையின் உயிர். ரப்பர் சுற்றிலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது உழைத்து முடித்த புஷ்; வருத்தப்பட ஒன்றுமில்லை. ஒரு முனையில் மேற்பக்கமும் மறுமுனையில் கீழ்ப்பக்கமும் தேய்ந்திருந்தால் தண்டு சாய்ந்து ஓடியிருக்கிறது. எஞ்சின் தன் இடத்திலிருந்து விலகியிருக்கிறது. ரப்பர் உருகிப் பளபளத்தால் நீர் போகவில்லை. நீர் நுழையும் வழியைக் கொட்டலசோ, தண்டில் சுற்றிய நைலான் வலைத் துண்டோ அடைத்திருக்கும். ரப்பர் முழுக்கக் கோடு கோடாக இருந்தால் மணல். பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைந்த ஆழம் கொண்டது. அங்கே ஓடும் படகின் புஷ் சேற்றுநீரைக் குடித்துத்தான் ஆகவேண்டும். பித்தளை மஞ்சள் மாறிச் செம்பு நிறத்தில் பொருபொருத்துக் கிடந்தால், கடல்நீரில் நடக்கும் மின்வேதி அரிப்பு அதிலிருந்த துத்தநாகத்தைத் தின்றிருக்கிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் புதுப் புஷ் போட்டால் அடுத்த ஆண்டும் அதே செலவுதான்.

தண்டையும் விரலால் தடவிப் பார்க்கவேண்டும். புஷ் இருந்த இடத்தில் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், வட்டமான புதுப் புஷ்ஷுக்குள் நீர்ப்படலம் சீராக நிற்காது. அந்தத் தண்டு லேத் பட்டறைக்குப் போகவேண்டியதுதான்.

புதுப் புஷ்ஷைச் சம்மட்டியால் அடித்து ஏற்றுவது பலருக்குப் பழக்கம். அடியில் பித்தளை நசுங்கினால் உள்விட்டம் கெட்டுவிடும். நல்ல வழி குளிர். 60 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள பித்தளைக் குழாயை 30 டிகிரியிலிருந்து மைனஸ் 18 டிகிரிக்குக் குளிர்வித்தால் அது ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் சுருங்கும். இறுக்கமாகப் பொருந்தும் குழாய்க்கு அந்த இம்மியே போதும். பனிக்கட்டியும் உப்பும் கையெட்டும் தூரத்தில் கிடக்கும் துறைமுகத்தில் அதற்குக் குளிர்சாதனப் பெட்டிகூட வேண்டாம். உப்புத் தூவிய பனிக்கட்டி அந்த அளவுக்கு நெருங்கிவிடும். வெளிப்புறத்தில் சோப்புநீரைத் தடவி, நீண்ட போல்ட்டும் நட்டும் வைத்து மெதுவாக இழுத்தால் புஷ் வழுக்கிக்கொண்டு உட்காரும். பக்கத் திருகுகளை இறுக்கும்போது ஓர் எச்சரிக்கை: அவற்றின் முனை பித்தளையில் போட்ட சிறு குழியில் உட்காரவேண்டும். மிதமிஞ்சி இறுக்கினால் உள்ளே ரப்பர் புடைத்துத் தண்டைக் கவ்விவிடும்.

இத்துடன் வேலை முடிந்ததென்று எஞ்சினையும் தண்டையும் கரையிலேயே நேர்செய்து இறுக்கிவிடுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கரையில் கட்டைகள்மேல் நிற்கும் படகு ஒரு வடிவம். தண்ணீர் தாங்கும் படகு வேறொரு வடிவம். மரமும் பைபரும் வளையக்கூடியவை. கரையில் மயிரிழை பிசகாமல் பொருந்திய கப்ளிங், கடலில் இறங்கியதும் விலகி நிற்கும். ஆகவே படகை இறக்கி, ஒரு நாளாவது மிதக்கவிட்டு, அதன் பிறகே கப்ளிங்கின் இரு வட்டுகளுக்கும் நடுவே, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்கவேண்டும். மேல், கீழ், இடம், வலம் என நாலு இடங்களில் அளப்பார்கள். வட்டின் ஒவ்வோர் அங்குல விட்டத்துக்கும் ஆயிரத்தில் ஓர் அங்குலத்துக்குமேல் வேறுபாடு கூடாது என்பது வழக்கமான வரம்பு. 6 அங்குல வட்டுக்கு அது 0.15 மில்லிமீட்டர், ஒன்றிரண்டு காகிதத்தின் தடிமன். எஞ்சினின் கால் போல்ட்டுகளுக்கடியில் தகடுகளைச் செருகியும் எடுத்தும் அந்த அளவுக்குக் கொண்டுவர அரைநாள் பிடிக்கலாம்.

ஜூன் நடுவில் தடை முடியும் இரவுக்கு முன்பே படகுகள் ஐஸ், டீசல் ஏற்றிக்கொண்டு வரிசைகட்டி நிற்கும். எஞ்சினைக் கிளப்பி, கியரைப் போட்டதும் மெக்கானிக் டார்ச்சோடு உள்ளே இறங்கிக் கிளாண்டின் அருகே குனிவார். தண்டு சுழல்கிறது, கையை வைத்துப் பார்த்தால் சூடில்லை. கயிற்றின் விளிம்பில் ஒரு நீர்த்துளி திரண்டு விழுகிறது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. நிமிடத்துக்குச் சில சொட்டு போதும். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு மேலே ஏறி வருகிறார்.